சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

சோப்புக் கட்டி ஒன்றை வாங்கக் கடைக்குப் போகிறோம். உறையைத் திருப்பிப் பார்த்தால் விலை அச்சாகியிருக்கிறது. ‘எல்லா வரிகளும் உட்பட’ என்ற சொற்களும் உடன் இருக்கின்றன. அதற்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய் கேட்டாலும், ‘ஏன்?’ என்று கேட்க ஒரு சிறுமிக்கும் உரிமை உண்டு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் நமக்குத் தந்துள்ள பாதுகாப்பு இது.

ஆனால் கராத்தே வகுப்புக்கு உறை ஏது? அதன் விலையை எங்கே திருப்பிப் பார்ப்பது?

பெண் பிள்ளைகள் தற்காப்புக் கலை பயில்வது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். மாடிக் கூடங்களிலும் பள்ளித் திடல்களிலும் மாலை வேளையில் வெள்ளைச் சீருடை அணிந்த சிறுமியர் வரிசையாக நின்று கை வீசிப் பழகுவதைக் காண்கிறோம். உடல் உறுதி, மனத்துணிவு, ஒழுக்கம் ஆகிய மூன்றையும் வளர்க்கும் கலை அது. அதனைக் குறை கூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. அதற்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும் என்பதே நோக்கம்.

ஒரு சிறுமியின் கதை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தந்தை சிறிய தையற்கடை வைத்திருப்பவர். ‘மாதம் 500 ரூபாய் மட்டுமே’ என்ற விளம்பரத் தட்டியைப் பார்த்து, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளைக் கராத்தே வகுப்பில் சேர்த்தார். முதல் நாளே சேர்க்கைக் கட்டணம் என்றார்கள். அடுத்த வாரம் சீருடை என்றார்கள். அதுவும் அங்கேதான் வாங்க வேண்டுமாம். சில மாதங்களில் மஞ்சள் பெல்ட் தேர்வு வந்தது. அதற்குத் தனிக் கட்டணம். பின்னர் உறுப்பினர் அட்டை, போட்டிக்கு நுழைவுக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் எப்படியோ கட்டினார்.

அடுத்த தேர்வுக்கான சீட்டை அச்சிறுமி வீட்டில் காட்டவே இல்லை. “எனக்குக் கராத்தே வரவில்லை அம்மா, இனிப் போகவில்லை” என்று மட்டும் சொன்னாள். பல மாதங்கள் கழித்துப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த சீட்டு கிடைத்தபோதுதான் தாய்க்கு உண்மை புரிந்தது. கணக்கில் இருந்த குறையை அந்தக் குழந்தை தன் குறையாக ஏற்றுக்கொண்டுவிட்டாள். பணம் போனதைக் காட்டிலும் பெரிய நட்டம் இதுவல்லவா?

கூட்டிப் பார்ப்போம்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். மாதம் 500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 6,000 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் 1,000. சீருடை 1,200. ஆண்டுக்கு மூன்று பெல்ட் தேர்வுகள், தேர்வுக்கு 800 வீதம் 2,400. உறுப்பினர் அட்டை 500. ஒரு போட்டிக்கு 1,500. ஆக மொத்தம் 12,600 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 1,050 ரூபாய். தட்டியில் எழுதியிருந்த தொகையோ 500! ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி நினைவுக்கு வருகிறதல்லவா?

இன்னொரு வகுத்தலும் உண்டு. மாதத்துக்கு எட்டு வகுப்புகள் என்றால் ஆண்டுக்கு 96. பள்ளித் தேர்வு, காய்ச்சல், மழை, ஊர்த் திருவிழா எல்லாம் போக 70 வகுப்புகளுக்குத்தான் போக முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வகுப்பின் உண்மை விலை 180 ரூபாய்.

பெரியவர்களும் இவ்விடத்தில் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, டெல்லாவீன்யா, மால்மெண்டியர் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் மாதத்தில் சராசரியாக நான்கு முறை அளவிலேயே அங்கே சென்றார்கள். ஒரு வருகைக்கு அவர்களுக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. அதே நிலையங்களில் பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான்! ‘நாளை முதல் தவறாமல் போவேன்’ என்ற நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கட்டணம் பிழையா?

கட்டணம் வாங்குவது பிழையன்று. மாஸ்டருக்கும் குடும்பம் உண்டு. கூடத்துக்கு வாடகை உண்டு, விளக்குக்கு மின்கட்டணம் உண்டு. தேர்வு நடத்த வெளியிலிருந்து மூத்த ஆசிரியர் வந்தால் அவருக்கும் செலவு உண்டு.

பெல்ட் முறையும் ஏமாற்றாகத் தோன்றியதன்று. ஜப்பானில் 1882-இல் யூதோவின் கோடோகான் பள்ளியை நிறுவிய கானோ ஜிகோரோ, மாணவரின் தேர்ச்சியைப் படிப்படியாகக் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒகினாவாத் தீவிலிருந்து வந்து 1922-இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டிய புனகோஷி கிச்சின் அம்முறையைத் தம் கலைக்கும் எடுத்துக்கொண்டார். மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறங்கள் பரவியது அதற்குப் பின்னரே. ஏணியில் படிகள் நெருக்கமாக இருந்தால் ஏறுகிறவருக்கு ஊக்கம் பிறக்கும் என்பது அதன் நன்மை. ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டணம் உண்டு என்பதை ஏறத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவ்வளவே நாம் கேட்பது.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. காசு கொடுத்துப் பெறும் சேவையும் அதனுள் அடங்கும். பெற்ற பணத்துக்கு ரசீது தராதது முறையற்ற வணிகம் என்கிறது அச்சட்டம். இணையவழி வணிகத்தில் நடக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு மற்றவற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று. சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைப்பது மற்றொன்று. செல்பேசி வழியே உறுப்பினர் சேர்க்கும் நிலையங்களை மனத்தில் வைத்தால் இதன் பொருள் விளங்கும்.

முறையிட விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஆயினும் வழக்கு என்பது கடைசி வழி. முதல் வழி, சேரும் முன்பே கேட்பது.

கேட்க வேண்டியவை

பெற்றோர் ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லலாம்:

1. மாதக் கட்டணம் தவிர, முதல் ஆண்டில் வேறு என்னென்ன கட்ட வேண்டும்? மொத்தம் எவ்வளவு?

2. பெல்ட் தேர்வு ஆண்டுக்கு எத்தனை முறை? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? தேர்ச்சி பெறாவிட்டால் மீண்டும் கட்ட வேண்டுமா?

3. சீருடையை வெளியில் வாங்கலாமா? அக்காவின் பழைய சீருடையை அணியலாமா?

4. போட்டிக்குப் போவது கட்டாயமா?

5. காய்ச்சலாலோ பள்ளித் தேர்வாலோ ஒரு மாதம் வர இயலாவிட்டால் கட்டணம் உண்டா? இடையில் நின்றால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

6. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தருவீர்களா? வரி என்று தனியே கேட்டால், ரசீதில் ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்கிறதா?

நல்ல மாஸ்டர் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். ‘முதலில் சேருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்பதே பதிலானால், அதுவும் ஒரு பதில்தான்!

கேட்பது மரியாதைக் குறைவா?

குருவிடம் விலை கேட்கலாமா என்ற தயக்கம் நம்மிடம் ஊறிப்போனது. வெற்றிலை பாக்கோடு குருதட்சிணை வைத்து வணங்கிய மரபில் வந்தவர்கள் நாம். அந்த மரபு அழகானதுதான். ஆனால் தட்சிணை என்பது மாணவர் தம்மால் இயன்றதைத் தருவது. விலைப்பட்டியல் வைத்து வாங்கும்போது, பட்டியலைப் பார்க்கக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கோபுரம் கட்ட எண்ணிய ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். கையிலுள்ள பணம் போதுமா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்காமல் தொடங்கினால், அடித்தளத்தோடு நின்றுபோகும், பார்ப்பவர் நகைப்பர். சீடராவதன் விலையை உணர்த்தச் சொன்ன உவமை அது. ஆயினும் கணக்கைப் பார்க்கத் தொகை தெரிய வேண்டுமல்லவா? தொகையை மறைப்பவர், மற்றவரின் கோபுரம் பாதியில் நிற்கக் காரணமாகிறார்.

இந்த அளவுகோலை நமக்கும் வைத்துக்கொள்வோம். சுற்றுலாவோ ஆண்டு விழா நடன உடையோ, மொத்தச் செலவை முதல் நாளே அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால், எந்தச் சிறுமியும் சீட்டைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைக்க மாட்டாள்.

தோழியரே, உங்களுக்கும் ஒரு சொல். வீட்டில் பணமில்லாமல் ஒன்றை விட நேர்ந்தால், ‘எனக்கு வரவில்லை’ என்று சொல்லாதீர்கள். ‘பணம் போதவில்லை’ என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் வழி பிறக்கும். தலைகுனியும் தேவையும் இராது.