வெப்பக் காற்றுக் குழாய்களின் ஓசை: தகட்டின் இயல்பும் திருத்தும் முறையும்

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மிகப் பல தனிவீடுகளைக் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக வைத்திருப்பவை, நிலக்கீழ்த் தளத்தில் நிற்கும் ஃபர்னஸ் என்னும் வெப்பூட்டியும், அது சூடாக்கிய காற்றை அறைதோறும் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாய்களுமே ஆகும். டொரொன்டோவின் ஸ்காபரோவிலும் அதை ஒட்டிய மார்க்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வமைப்பு நன்கு பழகிப்போனதாகையால், எரிவாயு எரிவதையும் விசிறி காற்றைத் தள்ளுவதையும் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் நள்ளிரவில் அக்குழாய்களிலிருந்து 'டம்' என்று எழும் அதிர்வோசையும், அதைத் தொடர்ந்து சுவருக்குள் கேட்கும் 'டிக், டிக்' என்ற சிற்றொலிகளும் எதனால் உண்டாகின்றன என்று ஆராய்வோர் சிலரே. ஃபர்னஸ் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதியதொன்றை வாங்குவோரும், வீட்டின் இயல்பே இது என்று பொறுத்துக்கொள்வோரும் உளர். இரு சாராரும் பார்க்கத் தவறுவது இடையில் கிடக்கும் குழாயை.

இக்குழாய்கள் தொடக்கத்தில் இத்தனை ஓசை எழுப்பியவை அல்ல. 1895ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்தின் மார்ஷல்டவுன் நகரில் டேவ் லெனாக்ஸ் என்பவர் எஃகுத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைத்த ஃபர்னஸ்களைச் செய்து விற்கத் தொடங்கிய காலத்தில், வீட்டு வெப்பூட்டிகளில் விசிறி இல்லை; சூடான காற்று இலேசாகித் தானே மேலெழும்பும் என்ற இயற்கை விதி ஒன்றே அவற்றை இயக்கியது. அவ்விதியின் உந்துதல் மிகச் சிறிது என்பதால் குழாய்கள் அகலமாகவும், மேல்நோக்கிச் சாய்ந்தும், வளைவு குறைந்தும் இருந்தாக வேண்டியிருந்தது. அவற்றுள் காற்று மெதுவாகவே நகர்ந்தது. மின்விசிறி வீட்டு ஃபர்னஸ்களில் பரவிய பின்னர், காற்றை வலிந்து தள்ள முடிந்தமையால், குழாய்களை ஒடுக்கிச் சப்பையாக்கித் தரை உத்தரங்களுக்கு இடையிலும் தாழ்வான கூரையின் ஓரத்திலும் செருகிவிட முடிந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் காணப்படும் செவ்வகக் குழாய், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உள்ள, துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்யப்படுவதாகும். இட மிச்சத்துக்காகத் தட்டையாக்கப்பட்ட அந்தத் தகட்டில்தான் ஓசையின் பெரும்பகுதி பிறக்கிறது.

ஓசையைத் திருத்த முனைவோர் முதலில் கைக்கொள்ள வேண்டிய கருவி கடிகாரம். தெர்மோஸ்டாட் அழைத்தவுடன் முதலில் எரிவாயு பற்றிக்கொள்கிறது. அதன்பின் ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கழித்தே விசிறி சுழலத் தொடங்குகிறது. நெருப்பு அணைந்த பிறகும் எஞ்சிய சூட்டை வெளியேற்றுவதற்காக விசிறி ஓரிரு நிமிடங்கள் ஓடுகிறது. விசிறி தொடங்கும் கணத்திலோ நிற்கும் கணத்திலோ ஒற்றை அதிர்வாகக் கேட்பது காற்றழுத்தம் மாறியதால் தகடு புரண்ட ஓசை. விசிறி ஓடிச் சில நிமிடங்கள் ஆன பிறகும், அது நின்ற பிறகும் அடுத்தடுத்துக் கேட்கும் சிற்றொலிகள், சூட்டால் நீளும் அல்லது குளிர்ந்து சுருங்கும் குழாய், மரத்திலோ தன்னைத் தாங்கும் தொங்கு பட்டையிலோ உரசுவதன் விளைவு. விசிறி ஓடும் நேரமெல்லாம் இடையறாது ஒலிக்கும் இரைச்சல் காற்றின் வேகத்தைச் சார்ந்தது. இவற்றிலிருந்து வேறுபட்ட நான்காம் ஓசை ஒன்றுண்டு. விசிறி தொடங்குவதற்கு முன்பே, எரிவாயு பற்றும் தறுவாயில் ஃபர்னஸின் உள்ளிருந்து வெடிப்பது போன்ற ஒலி வந்தால், வாயு உடனே பற்றாமல் தேங்கி, பின்னர் மொத்தமாகப் பற்றுகிறது என்று ஐயுற வேண்டும். அது வீட்டுக்காரர் கை வைக்கும் வேலை அன்று; ஃபர்னஸை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரை அழைப்பதே முறை.

தகடு புரளும் ஓசை தனித்து ஆராயத்தக்கது. வட அமெரிக்கத் தகட்டுத் தொழிலாளர் இதனை ஆயில் கேனிங் என்பர். எண்ணெய் டின்னின் தட்டையான அடித்தகட்டைப் பெருவிரலால் அழுத்தினால் சிறிது நேரம் எதிர்த்து நின்று, பின்பு 'டொக்' என்று உள்வாங்கி, விரலை எடுத்ததும் மீண்டும் வெளியே துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் செயல் விளங்கும். வியப்புக்குரியது, இத்துள்ளலைத் தூண்டுவதற்கு எவ்வளவு சிறிய மாற்றம் போதும் என்பதாகும். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியஸ் சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. 600 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்ப் பக்கம் ஒன்று 20 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடேறினால் அதன் அகலம் கால் மில்லிமீட்டர் மட்டுமே கூடும். எனினும் அதன் இரு ஓரங்களும் சற்றும் அசையாதபடி பிடிக்கப்பட்டிருந்தால், இடமின்றித் தவிக்கும் அந்தக் கால் மில்லிமீட்டர், தகட்டின் நடுப்பகுதியை ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டர் புடைக்கச் செய்யும். அதாவது நீட்சியைப் போல முப்பது மடங்கு பெயர்ச்சி உண்டாகிறது. நடைமுறையில் ஓரங்களும் சூடாகி ஓரளவு விலகுவதால் புடைப்பு இதனினும் குறையுமாயினும், இந்த வடிவியல் பெருக்கமே ஓசையின் வேர்.

புடைத்த தகட்டுக்கு உட்புறம், வெளிப்புறம் என இரண்டு நிலைகளில் மட்டுமே இளைப்பாற முடியும். இரண்டுக்கும் இடைப்பட்ட தட்டை நிலையில் அது நெருக்குண்டு கிடப்பதால் அங்கே நிலைத்திருக்க இயலாது. விசிறி ஓடத் தொடங்கும்போது, அறைகளிலிருந்து காற்றை மீட்டுவரும் குழாயின் உள்ளழுத்தம் குறைகிறது. அக்குறைவு 60 பாஸ்கல் என்று கொண்டால், அரைச் சதுர மீட்டர்த் தகட்டின் மீது ஏறத்தாழ மூன்று கிலோகிராம் எடை வைத்ததற்குச் சமமான விசை உள்நோக்கி அழுத்துகிறது. தகடு முதலில் எதிர்க்கிறது. எதிர்க்கும்தோறும் அதில் ஆற்றல் சேர்கிறது. எல்லை கடந்ததும் சேர்ந்த ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் விடுபட, தகடு மறுபக்கம் புரண்டு காற்றை அறைகிறது. மெல்லிய வளைந்த ஓடுகள் பழைய கணக்கீடுகள் சொன்ன சுமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே ஏன் மடிகின்றன என்ற புதிரை, 1939ஆம் ஆண்டில் தியோடர் ஃபான் கார்மன், சியென் சுயெசென் ஆகிய இருவரும் ஆராய்ந்தபோது, இவ்வகைத் திடீர்ப் புரளலையே விளக்கமாக முன்வைத்தனர்.

இயற்கை இவ்வுத்தியை நெடுங்காலமாகவே கையாண்டு வருகிறது. ஆண் சில்வண்டின் வயிற்றுப் பக்கங்களில் விலா போன்ற மேடுகள் கொண்ட சவ்வு ஒன்றுண்டு; தசை இழுக்கும்போது அம்மேடுகள் ஒவ்வொன்றாக உள்ளே புரள்வதாலேயே காடதிரும் அவ்வோசை பிறக்கிறது. கரோலினா மாநிலங்களின் சதுப்பு நிலங்களில் வளரும் வீனஸ் ஈப்பொறிச் செடி, தசை ஏதும் இன்றிப் பத்தில் ஒரு நொடியில் இலையை மூடிப் பூச்சியைப் பிடிப்பதும் இதே முறையில்தான். வெளிப்புறம் குவிந்திருந்த இலை மடல் எல்லை கடந்ததும் உட்புறம் குழிந்து புரள்கிறது. இதனை அளந்து காட்டிய 2005ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற எல். மகாதேவன். இவையெல்லாவற்றினும் நயமானது ஃபர்னஸுக்குள்ளேயே இருக்கிறது. சூடு அளவுக்கு மீறினால் எரிவாயுவைத் தானே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகள் பலவற்றில், வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறிய குழிந்த வில்லை ஒன்று உள்ளது. குறித்த சூட்டில் அவ்வில்லை 'டிக்' என்று மறுபக்கம் புரண்டு மின்தொடர்பை வெட்டுகிறது. மெல்ல மெல்ல விலகும் தொடர்பில் மின்பொறி பறந்து முனைகள் கருகும் என்பதால், சட்டென்று புரளும் வில்லையே அங்கு வேண்டப்படுகிறது. ஆகவே, குழாயில் உறக்கத்தைக் கெடுக்கும் அதே பண்பு, சில அடி தொலைவில் வீட்டைத் தீயிலிருந்து காக்கும் பணியைச் செய்கிறது.

புரளும் தகட்டுக்கு மருந்து அதன் தட்டைத்தன்மையைப் போக்குவதே. நல்ல தொழிலாளர் அகன்ற பக்கங்களைப் பொருத்துவதற்கு முன்பே மூலைக்கு மூலை குறுக்காக மடிப்புக் கீறுவர் அல்லது வரிவரியாகப் புடைப்பெடுப்பர். இதனால் தகடு ஒரு பக்கமாகவே நிலைபெற்று, மறுபக்கம் புரளும் வாய்ப்பை இழக்கிறது. இவ்வாறு செய்யப்படாத குழாய் வீட்டில் அமைந்துவிட்டால், ஓசை எழும் நேரத்தில் தகட்டைக் கையால் அழுத்திப் பார்த்துப் புரளும் இடத்தைக் கண்டறிந்து, அதன் அகலத்துக்குக் குறுக்காக எல் வடிவ இலேசான இரும்புப் பட்டை ஒன்றைக் குட்டைத் திருகாணிகளால் இறுக்கினால் பெரும்பாலும் ஓசை அடங்கும். தகட்டின் மேல் ஒட்டக்கூடிய, அதிர்வை உறிஞ்சும் கனத்த ரப்பர்த் தாளும் துணைசெய்யும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: ஏசி உள்ள வீடுகளில் ஃபர்னஸுக்கு நேர்மேலே இருக்கும் பெட்டிக்குள் குளிர்விக்கும் சுருள் இருப்பதால், அங்கே திருகாணி ஏற்றினால் சுருள் ஓட்டையாகிக் குளிர்பொருள் வாயு வெளியேறும்.

நீள்தலால் வரும் சிற்றொலிகளுக்குத் தீர்வு வேறு. ஐந்து மீட்டர் நீளக் குழாய் மேற்சொன்ன அளவு சூடேறும்போது இரண்டு மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு வழிவிடாமல் மரத்தில் இறுகப் பதிந்திருந்தால், குழாய் சற்றுப் பிடித்து நின்று, பின் வழுக்கி, மீண்டும் பிடித்து நகரும்போது ஒவ்வொரு வழுக்கலும் ஒரு சொடுக்காகக் கேட்கும். குழாய் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்களிலும், உத்தரத்தில் உரசும் இடங்களிலும் கம்பளித்துணிப் பட்டை செருகுவதும், தொங்கு பட்டைகளைச் சிறிது தளர்த்துவதும், ஃபர்னஸுக்கும் குழாய்க்கும் இடையில் வளையும் துணி இணைப்பு வைப்பதும் போதுமானவை. இணைப்புகளின் கசிவை அடைக்க, டக்ட் டேப் என்ற பெயரில் விற்கும் துணிப் பட்டையை நம்புதல் தவறு. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 1998ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சோதனைகளில், சூட்டில் விரைவாகத் தோற்றுப்போனது அத்துணிப் பட்டையே. பூசி உலரவிடும் மாஸ்டிக் பசை நீடித்து உழைக்கும். பழைய வீடுகளில் இணைப்புகளின் மேல் வெள்ளைத் தாள் போன்ற சுற்று காணப்பட்டால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதைப் பிய்க்காமல் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இடையறாத இரைச்சலில் மனிதரின் கை மிகுதி. தடைகளில் மோதும் காற்றின் ஓசை ஆற்றல், வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அல்லது ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் இருமடங்கானால் ஓசை ஆற்றல் 32 முதல் 64 மடங்கு வரை உயர்கிறது. இதனாலேயே அமெரிக்கக் குழாய் வடிவமைப்பு நெறிகள், காற்றைக் கொண்டுசெல்லும் குழாயில் நொடிக்குச் சுமார் நாலரை மீட்டரும், மீட்டுவரும் குழாயில் சுமார் மூன்றரை மீட்டரும் மேல்வரம்பாக வைக்கின்றன. செலவைக் குறைப்பதாக எண்ணிப் பயன்படாத அறைகளின் காற்று வாய்களை மூடுவோரும், மாதக்கணக்கில் வடிகட்டியை மாற்றாதோரும், தூசியை முற்றிலும் ஒழிக்கும் ஆவலில் மெல்லிய சட்டத்தில் மிக நெருக்கமான வடிகட்டியைச் செருகுவோரும், மீட்டுவரும் வாயின் மேல் சோபாவைத் தள்ளி வைப்போரும் அறியாமலே குழாயின் அழுத்த வேறுபாட்டை உயர்த்துகின்றனர். அவ்வேறுபாடு உயர்ந்தால் தகடு புரளும், திறந்திருக்கும் வாய்கள் சீறும், காற்றோட்டம் குன்றி ஃபர்னஸ் அளவுமீறிச் சூடேறி, மேலே கூறப்பட்ட வில்லை அடிக்கடி வேலை செய்யவும் நேரும்.

வாங்கும்போது ஃபர்னஸின் திறனையும் உத்தரவாத ஆண்டுகளையும் துருவிக் கேட்கும் வீட்டுக்காரர், குழாய் அவ்வளவு காற்றைத் தாங்குமா என்று கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. கனடாவில் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற தரநெறி இருந்தும், பழைய ஃபர்னஸில் எழுதியிருந்த திறன் எண்ணையோ அதனினும் பெரியதையோ பொருத்திவிட்டுப் போகும் வழக்கம் மறையவில்லை. தேவைக்கு மிஞ்சிய ஃபர்னஸ் குறுகிய நேரம் சீறிப்பாய்ந்து நின்று மீண்டும் தொடங்குவதால், தகடு ஒவ்வொரு முறையும் சூடேறிக் குளிர்ந்து ஓசையெழுப்புகிறது. இதனினும் பெரிய பிழை, வாடகைக்கு விடும் அவசரத்தில் நிலக்கீழ்த் தளத்தின் கூரையைச் சுண்ணப்பலகையால் மூடிவிடுவது. மூடிய பின் ஒரு பட்டையை இறுக்குவதற்கும் கூரையை உடைக்க வேண்டியிருக்கும் என்பதோடு, அதன் கீழ் உறங்கப்போகிறவர் வாடகைக் குடியிருப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர். பலகை அடிக்கும் முன் ஒரு குளிர் நாளில் ஃபர்னஸைப் பலமுறை ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு குழாயின் அடியிலும் நின்று கேட்டு, புரளும் இடங்களையும் உரசும் இடங்களையும் திருத்திவிட்டுப் பிறகு மூடுவது, ஒரு நாள் உழைப்பில் பல குளிர்காலங்களின் உறக்கத்தைக் காப்பதாகும். வீட்டை வாடகைக்கு விடுவோர் இதனைத் தம் விருப்பத்துக்கு உரியதாகக் கொள்ளாமல், குடியிருக்க வருவோருக்குத் தாம் செய்ய வேண்டிய கடமையாகவே கொள்ளுதல் தகும்.