சிறுமலை வாழையும் வைரஸ் வகுப்பும்

வடமதுரைக்குத் தெற்கே நிற்கும் சிறுமலையின் வாழைக்கனிக்குப் பெயர் பெரிது. முடிக்கொத்து நோய் கண்ட வாழையோ, இலைகள் குறுகித் தலையில் கொத்தாய் நிற்க, பெரும்பாலும் குலை தள்ளாது. அந்நோய்க்கு வித்து ஒரு வைரஸ். அதனைச் சுமந்து பரப்புவது அசுவினிப் பூச்சி.

தொல்காப்பியர் புலனறிவின் தொகைகொண்டு உயிர்களை வகுத்தமை தமிழ் பயிலும் நாம் அறிந்ததே. வைரஸுக்கோ புலனும் இல்லை. தனித்துப் பெருகும் ஆற்றலும் இல்லை. தான் புகுந்த உயிரணுவின் பட்டறையிலேயே அது தன் புரதத்தைச் சமைத்துக்கொள்ளல் வேண்டும். அப்பட்டறை தூது ஆர்.என்.ஏ. என்னும் ஓலையையன்றிப் பிறிதொன்றும் படியாது. ஆகவே, தன் மரபிழையினின்று அவ்வோலையை ஒரு வைரஸ் எவ்வாறு பெறுகின்றது என்பதையே அளவுகோலாக்கி, அமெரிக்க அறிஞர் டேவிட் பால்டிமோர் 1971-இல் ஆறு வகுப்புகள் கண்டார். ஏழாவது பின்னர்ச் சேர்ந்தது.

நம் வாழையின் வைரஸ் இரண்டாம் வகுப்பினது. அதன் மரபிழை ஒற்றை டி.என்.ஏ.; அஃது உயிரணுவினுள் இரட்டையான பின்னரே ஓலை பிறக்கும். டெங்கு நான்காவது, அதன் ஆர்.என்.ஏ.யே ஓலை. 1986-இல் சென்னையில் சுநீதி சாலமன் குழுவினர் கண்டறிந்த எச்.ஐ.வி. ஆறாவது. அது தன் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதி, உயிரணுவின் மரபேட்டிலேயே செருகிவிடும். கள்ளப் பத்திரத்தைப் பதிவேட்டில் ஏற்றினாற் போன்றது இது! அங்ஙனம் எழுதும் நொதியைத் தடுக்கும் மருந்தே 1987-இல் முதன்முதல் இசைவு பெற்றது.

வாழைக்கு அத்தகைய மருந்தில்லை. நோயுற்றதனைக் கிழங்கோடு அகழ்ந்தழித்து, நோயற்ற கன்றை நடுவதே இன்றும் உழவர் செய்வது.