பிடித்தால் போதாது, விடவும் வேண்டும்

மன்னார்த் தீவின் கீரிக் கரையில் ஒதுங்கும் சிப்பி ஓட்டில் இருப்பது கல்சியம். அத்தீவின் மணலில் கம்பனிகள் கண்வைத்திருக்கும் இல்மனைட்டில் இருப்பவை இரும்பும் டைட்டேனியமும். பின்னவை இரண்டும் தாண்டல் மூலகங்கள். மருந்து செய்யும் இரசாயனத் தொழில் பெரிதும் நம்பியிருப்பது தாண்டல் உலோக ஊக்கிகளை, அதிலும் பலேடியம், உரோடியம் போன்ற அரியவற்றை. புவியோட்டின் நிறையில் நூற்றுக்கு 8 பங்கு அலுமினியம், ஏறக்குறைய 4 பங்கு கல்சியம். பலேடியமோ பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படியானால் அதன் இடத்தில் கல்சியம், அலுமினியம், போரன் போன்ற எஸ், பி தொகுப்பு மூலகங்களை அமர்த்தலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மலிந்து கிடப்பதாலேயே ஒரு மூலகம் ஊக்கியாகிவிடாது.

மூலக்கூறைப் பிடிக்க வேண்டும், மாற்ற வேண்டும், பிறகு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஊக்கியின் தொழில் அவ்வளவே. தாண்டல் உலோகங்களில் இலத்திரன் நிரம்பிய டி ஓபிற்றல்களும் வெறுமையானவையும் சக்தியில் அருகருகே இருப்பதால் கொடுக்கல் வாங்கல் எளிது. அலுமினியம் ஒட்சிசனைப் பிடித்தால் இலேசில் விடாது. 2005இல் அமெரிக்காவில் பிலிப் பவரின் குழு, ஜேர்மானியம் என்ற மூலகத்தின் சேர்வையொன்று அறைவெப்பநிலையிலேயே ஐதரசனைப் பிளப்பதைக் காட்டியது. திருப்பிக் கொடுக்கும் வித்தை மறு ஆண்டு கனடாவில், டக்ளஸ் ஸ்டீபனின் ஆய்வுகூடத்தில் வந்தது. ஒரே மூலக்கூறில் பொசுபரசும் போரனும். சுற்றியிருந்த பருத்த அணுக்கூட்டங்கள், ஒன்றையொன்று ஈர்க்கும் அவை இரண்டையும் பிணைய விடவில்லை. தீராத அந்த ஈர்ப்பு ஐதரசனைப் பிளந்தது. 100 பாகைக்கு மேல் சூடாக்கியதும் அதை விட்டும் விட்டது. உலோகமே இல்லாத ஊக்கிகளுக்கு வழி திறந்தது அந்த விடுதல்தான்.

இரும்பும் டைட்டேனியமும் மலிவுதானே, தாண்டல் மூலகங்களை ஏன் ஒதுக்க வேண்டும் என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்பு. பொலித்தீன் தொழிலில் டைட்டேனியம் குளோரைட்டும் அலுமினியச் சேர்வையும் சேர்ந்தேதான் உழைக்கின்றன. ஜேர்மானியமோ பி தொகுப்பாயினும் அரிது. சிப்பியைச் சுட்டுப் பெறும் கல்சியம் ஒட்சைட்டு எண்ணெயை உயிரி டீசலாக்க உதவும். ஆனால் 100 கிராம் கல்சியம் காபனேற்றைச் சுட்டால் 44 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். அந்த வேலைக்கு வழமையான ஊக்கி சோடியம் ஐதரொட்சைட்டு என்பதால் பலேடியமும் மிச்சமாகாது. உலோகமில்லா ஊக்கிகளில் பயன்படும் புளோரின் சுமந்த போரன் சேர்வைகளைச் செய்வதும் எளிதல்ல, பெரும்பாலும் ஈரமும் ஆகாது. பழைய வாகனங்களிலிருந்து பலேடியத்தை மீட்டுவிடலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே ஒரு கிராம் ஊக்கி சாகுமுன் எத்தனை சுற்று உழைக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். இந்தக் கணக்கில் தாண்டல் உலோகங்கள் இன்றும் முந்துகின்றன, மருந்தின் கடைசிப் படிகளைத் தவிர: வாயால் உட்கொள்ளும் மருந்தில் பலேடிய எச்சம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதென்பது சர்வதேச வரம்பு. அதைக் கழுவி நீக்கும் செலவைச் சேர்த்துப் பார்த்தால், மெதுவாக உழைக்கும் போரன்கூட அங்கே கட்டுப்படியாகலாம்.