30 ஆம்பியரில் ஒரு பொறி

ஊர் சுற்றி முடித்து வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் ஆர்.வி.க்குப் பசி அடங்குவதில்லை. அமெரிக்கர்களின் அந்த வண்டி வீட்டுக்குள் ஏ.சி., ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் உண்டு. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். அடுத்த பயணத்துக்கு முந்தின நாளே ஃபிரிட்ஜைக் குளிரவைக்க வேண்டும். கராஜ் சுவரில் இருக்கும் சாதாரண பிளக் பாயின்ட் போதாதா?

பேட்டரிக்குப் போதும். ஏ.சி.க்குத் திணறும். 120 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் மொத்தமே 1,800 வாட். ஏ.சி. ஒன்றே சுமார் 1,500 வாட்டை விழுங்கிவிடும். கூடவே மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால் நல்லது. விழாமல் வயர் சூடாவதுதான் ஆபத்து. 100 அடி நீள, 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் வயரில் கரன்ட் போக வர 200 அடி, மின்தடை 0.8 ஓம். 12 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 10 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 115 வாட் வெப்பமாகிறது. வயரைச் சுருட்டிப் போட்டிருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும், நூல் கவுன்ட் மாதிரி.)

ஆகவே தனி இணைப்பு வேண்டும். எது என்பதை வண்டியின் பிளக்கே சொல்லிவிடும்: மூன்று கால் என்றால் 30 ஆம்பியர், நான்கு கால் என்றால் 50. இருபதுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க வீடுகளுக்கு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு லைன் வருகிறது. சுருளின் நடுவிலிருந்து நியூட்ரல். எந்த லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட்; இரு லைன்களுக்கு இடையே 240. மூன்று கால் பிளக் ஒரு லைனை மட்டும் எடுக்கிறது: 3,600 வாட். நான்கு கால் பிளக் இரண்டையும் எடுக்கிறது: 12,000 வாட்.

பொறி இங்கேதான். வீட்டு எலக்ட்ரீஷியனுக்குக் கை பழகிய 30 ஆம்பியர் பாயின்ட், துணி உலர்த்தும் மெஷினுக்கானது, 240 வோல்ட். பழைய டிரையர் சாக்கெட்டும் ஆர்.வி. சாக்கெட்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சாய்ந்த இரண்டு துளை, மேலே ஒன்று. “30 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்” என்று மட்டும் சொன்னால், அவர் பழக்கதோஷத்தில் இரண்டு லைனையும் கொடுத்துவிடக்கூடும். வோல்ட் இரு மடங்கானால், அதே மின்தடையில் வெப்பம் நான்கு மடங்கு. பிரேக்கர் விழுவதற்குள் சார்ஜரும் டி.வி.யும் மைக்ரோவேவும் புகைந்துவிடும்.

சொல்ல வேண்டியது இதுதான்: “டிடி-30 சாக்கெட், 120 வோல்ட், சிங்கிள் போல் (ஒரு லைன்) பிரேக்கர்.” அதற்கு 10 கேஜ் செம்பு வயர். 50 ஆம்பியருக்கு 6 கேஜ், டபுள் போல் பிரேக்கர். தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமனாக. கேபிளை நேராக மண்ணில் புதைத்தால் பொதுவாக 24 அங்குல ஆழம், பி.வி.சி. குழாயில் என்றால் 18. உள்ளூர் நிர்வாகத்திடம் பெர்மிட் வாங்காமல் தொடங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், 30 போதுமென்றாலும் 50க்கே வயர் போடுவேன். குழி வெட்டுகிற கூலி ஒரு தடவைதான். இரண்டு சாக்கெட்டும் தனித்தனி பிரேக்கரோடு ஒரே பெட்டியில் கிடைக்கின்றன.

வேலை முடிந்ததும் வண்டியைச் செருகாதீர்கள்; முதலில் மல்டிமீட்டரை வையுங்கள். 30 சாக்கெட்டில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 240 காட்டினால் பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள்.