பட்டுத்தறி ஊரிலிருந்து ஒரு விண்கலம்... சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரோல்பிளே கேமுக்கு எதை வாங்கணும், எதை வாங்க வேணாம்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடு ஞாபகம் இருக்கா? நாலு பசங்க மேசையைச் சுத்தி உட்கார்ந்து பகடையை உருட்டி, கதையில் வர்ற அரக்கனைப் பார்த்து நிஜமாவே அலறுவாங்களே... அந்த விளையாட்டோட பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. இந்த வகை விளையாட்டுகளை 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்'னு சொல்றாங்க. டிராகனும் மந்திரவாதியும் வேணாம், ராக்கெட்டும் ரோபோவும்தான் வேணும்னு சொல்றவங்களுக்குத் தனியா ஒரு கிளை இருக்கு. 1976-ல் 'மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா', 1977-ல் 'டிராவலர்'னு ஆரம்பிச்சு, இன்னிக்கும் புதுசு புதுசா வந்துக்கிட்டேதான் இருக்கு.

ஆசையா கூகுள்ல தேடினா, 'கட்டாயம் வாங்க வேண்டியவை'னு ஒரு பட்டியல் வந்து நிக்கும். விதிப் புத்தகம், அதுக்குத் துணையா நாலு சோர்ஸ்புக், உலோகப் பகடை, அதை உருட்டத் தோல் தட்டு, விண்கலத்தோட வரைபடம், விரல் உயரத்துக்கு விண்வெளி வீரர் பொம்மைகள். பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. கப்பல் கட்டணம், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஆரணிக் கடைவீதியில் ஒரு பட்டுப் புடவையே எடுத்துடலாம்.

ஆனா அதே ஆரணியில், ஒரு தறி வீட்டில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மறுபடி படிச்சுப் பாருங்க. முக்கால்வாசி சாமான் ஏற்கெனவே வீட்டுக்குள்ள கிடக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி இணையத்தில் சட்டப்படியே இலவசம்.

முதல்ல, எப்படி விளையாடறது?

மூணு பேர்ல இருந்து அஞ்சு பேர் போதும். ஒருத்தர் கதையை நடத்துவார். அவருக்கு 'கேம் மாஸ்டர்'னு பேர், டிராவலர்ல 'ரெஃப்ரி'ம்பாங்க. மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். பைலட், மெக்கானிக், டாக்டர், இல்லைன்னா போலீஸுக்குப் பயந்து ஓடுற ஆளு.

"சரக்கு அறையில ஏதோ சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?"

"நான் போய்க் கதவைத் திறக்கிறேன்."

"நான் அவனை முன்னாடி விட்டுட்டுப் பின்னாடியே போறேன்."

அவ்ளோதான் விளையாட்டு. செய்ற காரியம் நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்தில் மட்டும் பகடை உருளும். ஜெயிக்கிறது தோக்கிறது கிடையாது. கதை எங்கே போய் முட்டுதுன்னு பார்க்கிறதுதான் சுகம்.

கடன் கட்டுற விண்கலம்

ஒரே ஒரு கேமைத்தான் சொல்லணும்னா, 'டிராவலர்'. மார்க் மில்லர் உருவாக்கினது. முதல் பதிப்பு கறுப்பு அட்டை போட்ட மூணு சின்னப் புத்தகங்கள், ஒரு பெட்டிக்குள்ள. இப்போ இங்கிலாந்தின் மங்கூஸ் நிறுவனம் வெளியிடுது. பாத்திரத்தை உருவாக்கும்போதே அதோட முழு வாழ்க்கையையும் பகடை உருட்டித்தான் கண்டுபிடிக்கணும். ராணுவத்தில் சேர்ந்தாரா, வேலை போச்சா, எத்தனை வயசாச்சு... பழைய பதிப்பில் விளையாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்க ஆளு செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. டிராவலர் ரசிகர்கள் இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிற விஷயம் இது.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு டிராவலர் ஒட்டிக்கிறதுக்குக் காரணம் வேற. இதில் நீங்க பிரபஞ்சத்தைக் காப்பாத்தப் பிறந்த வீரர் இல்லை. ஒரு ஓட்டைச் சரக்குக் கலத்தை வெச்சு, தவணை கட்ட முடியாம முழிக்கிற சின்ன வியாபாரி. பழைய விதிப்புத்தகக் கணக்குப்படி 200 டன் சரக்குக் கலத்தோட விலை 3,70,80,000 கிரெடிட். அஞ்சுல ஒரு பங்கை முன்பணமாக் கட்டணும். அப்புறம் மாசாமாசம் விலையில் 240-ல் ஒரு பங்கு, அதாவது 1,54,500 கிரெடிட். மொத்தம் 480 மாசம், 40 வருஷம்! கடைசியில் கூட்டிப் பார்த்தா, வாங்கின விலையைப்போல ரெண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக் கட்டியிருப்பீங்க.

முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிட்டு, அது கழியறவரைக்கும் அவருக்கே கூலிக்கு நெய்யற குடும்பத்தில் வளர்ந்தவங்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த உலகத்தில் ஒளியைவிட வேகமா சேதி அனுப்பவும் வழி கிடையாது. ஒரு தாவலுக்குச் சுமார் ஒரு வாரம். சேதியும் கலத்தோடதான் போகும். அடுத்த கிரகத்தில் சரக்கு என்ன விலைக்குப் போகுதுன்னு, போய் இறங்கினாத்தான் தெரியும். சூரத் ஜரிகை விலை ஏறிடுச்சான்னு போன்ல கேட்டுக்கிற இந்தக் காலத்துக்கு முன்னாடி, நம்ம தாத்தாக்கள் வியாபாரம் பண்ணது கிட்டத்தட்ட இப்படித்தான்.

மங்கூஸ் புத்தகம் வாங்கணும்னு அவசியமில்லை. அதே பாணி விதிகளோட 'செஃபியஸ் என்ஜின்'னு ஒரு விதித்தொகுப்பு இருக்கு. 'டிரைவ்த்ரூ ஆர்பிஜி' தளத்தில் விரும்பின விலையைக் கொடுத்து பிடிஎஃப் எடுத்துக்கலாம். டெலிகிராம்ல திருட்டு பிடிஎஃப் தேடி அலையறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

காசில்லாம படிக்க

இன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிக்கணுமா? ஜான் ஹார்ப்பர் எழுதின 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. மொத்தக் கேமும் ஒரே பக்கம், இலவசம். 2-ல் இருந்து 5-க்குள்ள ஒரு நம்பரைத் தேர்ந்தெடுக்கணும். அறிவியல், தர்க்கம் சம்பந்தப்பட்ட வேலைன்னா அந்த நம்பருக்குக் கீழே விழணும். பேச்சு, பாசம், கோபம்னா மேலே விழணும். நம்பர் 5 வெச்சவர் இன்ஜினைப் பிரிச்சு மேய்வார், ஆனா சமாதானம் பேசப்போனா சண்டை இழுத்துட்டு வருவார். இந்த மாதிரி ஆளு ஒருத்தர் எல்லார் வீட்டிலும் உண்டு.

கதை நடத்தப் போறவருக்கு 'ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பர்'. கெவின் கிராஃபோர்டோட புத்தகம். இலவசப் பதிப்பே முழுப் புத்தகம் மாதிரிதான். காசு கொடுத்து வாங்கற டீலக்ஸ் பதிப்பில் கூடுதல் அத்தியாயங்கள் மட்டும். நட்சத்திர மண்டலத்தைப் பகடை உருட்டியே உருவாக்கற அட்டவணைகள்தான் இதோட உயிர். ஒவ்வொரு கிரகத்துக்கும் ரெண்டு குணம் விழும். அந்தக் குணத்துக்கு ஏத்த எதிரி யார், நண்பர் யார், சிக்கல் என்னன்னு ஐடியாக்களும் கூடவே இருக்கும். வேற எந்தக் கேம் விளையாடினாலும் இந்தப் புத்தகம் கைகொடுக்கும். 'சோர்ஸ்புக்'னு காசு கேக்கிற பல புத்தகங்கள் செய்ற வேலையை இது சும்மாவே செய்யுது.

பயம் வேணும்னா 'மதர்ஷிப்'. விண்கலத்துக்குள்ள பேய்ப்படம் மாதிரி. ஆட்டக்காரர்களுக்கான கையேடு பிடிஎஃப்பா இலவசம். பொடிசுங்களை வெச்சு விளையாடாதீங்க, ராத்திரி தூங்காதுங்க.

சிநேகிதங்க எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிட்டாங்களா? ஷான் டாம்கின் எழுதி 2022-ல் வந்த 'ஸ்டார்ஃபோர்ஜ்டு' தனியாவே விளையாடலாம். கேள்வி கேட்டு, பகடை உருட்டி, அட்டவணையில் பதிலைப் பார்த்துக் கதையை நீங்களே நகர்த்தணும். இது காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதே எழுத்தாளரோட முந்தைய கேமான 'அயர்ன்ஸ்வோர்ன்' பிடிஎஃப் இலவசம். அதில் விண்வெளி இல்லை, ஆனா முறை பிடிபட்டுடும்.

எல்லாமே இங்கிலீஷ்தானேன்னு தயங்க வேணாம். நடத்துறவர் ஒருத்தர் படிச்சிருந்தாப் போதும், விளையாட்டு முழுக்கத் தமிழ்ல நடக்கும். தமிழ்ல ஒரு உலகம் வேணும்னா சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' இருக்கவே இருக்கு. எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர், யாரு பார்க்கிறாங்கன்னே தெரியாத ஒரு அரசு, பேசற ரோபோ நாய். இதைவிட நல்ல சோர்ஸ்புக்கை எந்த வெளிநாட்டுக் கம்பெனி அச்சடிச்சுத் தரும்?

தாயக்கட்டையும் தப்பில்லை

அடுத்தது பகடை. செஃபியஸுக்கும் லேசர்ஸுக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை ரெண்டு போதும், லூடோ பெட்டியில் இருக்கிறதே. மத்ததுக்குப் பத்து முகம், இருபது முகம்னு வேணும். போன் ஆப்ல உருட்டலாம், இல்லைன்னா ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு ஏழு பகடை செட் கிடைக்குது.

ஆனா பாட்டி பெட்டிக்குள்ள வெச்சிருக்கிற பித்தளைத் தாயக்கட்டையை விட்டுடாதீங்க. கீழடியில் தந்தத்தால் செஞ்ச பகடை கிடைச்ச நாடு இது. கட்டைக்கு நாலு பக்கம்: 1, 2, 3, வெறுமை. ரெண்டையும் உருட்டினா மொத்தம் 16 விதமா விழலாம். அதில் 3 விழ நாலு வழி, 2-க்கும் 4-க்கும் மும்மூணு, தாயத்துக்கும் 5-க்கும் ரெவ்வெண்டு, 6-க்கு ஒண்ணு, ரெண்டும் வெறுமையா விழுற 12-க்கு ஒண்ணு.

இப்போ கணக்கைப் பாருங்க. டிராவலர்ல ரெண்டு பகடையோட கூட்டுத்தொகை 8 அல்லது அதுக்கு மேல வந்தா வெற்றி. 36-ல் 15 வாய்ப்பு, சுமார் 42 சதவிகிதம். தாயக்கட்டையில் '4 அல்லது மேலே'ன்னு வெச்சா 16-ல் 7, சுமார் 44 சதவிகிதம். கிட்டத்தட்ட அச்சு அசல்! 12 விழுந்தா அமோக வெற்றி. தாயம் விழுந்தா? காரியம் தோல்விதான், ஆனா எதிர்பாராத ஒரு வழி திறக்கும்னு வெச்சுக்கோங்க. தாயம் போட்டாத்தானே காய் உள்ளே இறங்கும்?

ஒரு எச்சரிக்கை. திறமைக்காக டிராவலர்ல 1, 2, 3னு கூட்டுவாங்க. கட்டையில் 1 கூட்டினாலே வாய்ப்பு 69 சதவிகிதமாயிடும், 2 கூட்டினா 87-ஐத் தாண்டிடும். அதனால ஒண்ணுக்கு மேல கூட்டாதீங்க, சப்புன்னு போயிடும்.

கிராஃப் தாளும் ஜக்கார்டு அட்டையும்

விண்கலத்தோட தளவரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கவே கூடாது. புடவை பார்டருக்கும் முந்திக்கும் டிசைன் போடற கிராஃப் தாளே போதும். டிராவலர் வழக்கப்படி ஒரு கட்டம் ஒன்றரை மீட்டர், ரெண்டு கட்டம் ஒரு டன். 200 டன் கலம்னா 400 கட்டம், அதாவது 20-க்கு 20 சதுரம். அதுக்குள்ள இன்ஜின், எரிபொருள் தொட்டி, படுக்கை, சரக்கு அறை எல்லாம் அடங்கணும். கட்டத்துக்குக் கட்டம் கணக்குப் பார்த்து மயிலும் மாங்காயும் வரையறவங்க ஊர்ல, இது அரை மணி நேர வேலை.

ஜக்கார்டு அட்டை இருக்கே, அது இன்னும் விசேஷம். ஓட்டை இருந்தா பாவு நூல் மேலே போகும், இல்லைன்னா போகாது. 1804-ல் பிரான்ஸின் ஜோசஃப் மேரி ஜக்கார்டு கொண்டுவந்த இந்த முறையைப் பார்த்துத்தான், சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்கிடும் இயந்திரத்துக்கு ஓட்டை போட்ட அட்டைகளை யோசிச்சார். கம்ப்யூட்டரோட பாட்டன் உங்க தலைக்கு மேல தறியில தொங்குது! கழிச்சுப்போட்ட பழைய அட்டை ரெண்டு எடுத்து மேசை மேல வெச்சா, வேத்துக் கிரகத்துச் சேதித் தகடு ரெடி. 'உதவி வருமா?' மாதிரி கேள்விக்குக் கண்ணை மூடி விரலை வெக்கலாம்: ஓட்டைன்னா ஆமாம், இல்லைன்னா இல்லை. ஓடிக்கிட்டிருக்கிற தறி அட்டையில் மட்டும் கை வைக்காதீங்க. ஒரு அட்டை குறைஞ்சாலும் டிசைன் உடைஞ்சிடும். அப்புறம் வீட்டில் நடக்கிறது சயின்ஸ் ஃபிக்‌ஷனா இருக்காது.

இன்னொரு அட்டையும் வேணும். வெறும் அட்டையில் பெரிய பெருக்கல் குறி போட்டு நடுவில் வைங்க. 'எக்ஸ்-கார்டு'ன்னு பேர். கதை யாருக்காவது சங்கடமா இருந்தா அதைத் தொடலாம். காரணம் கேக்காம அந்தக் காட்சியைத் தாண்டிடணும். தம்பி, தங்கச்சி, புது சிநேகிதங்க கலந்து விளையாடறப்ப இது ரொம்ப முக்கியம்.

பொம்மை, உலோகப் பகடை, தோல் தட்டு எதுவும் வேணாம். தட்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு மேல ஒரு துண்டு. ஆறு மாசம் விளையாடின பிறகும் ஆசை தீரலைன்னா, எல்லாரும் காசு போட்டு ஒரே ஒரு அச்சுப் புத்தகம் வாங்குங்க. அதுவும் நீங்க ஏற்கெனவே விளையாடிப் பார்த்த கேமோடதா இருக்கட்டும்.

முதல் ஆட்டத்துக்கு ஒரு கதை

கலத்தோட பேர் 'கமண்டலம்', ஊர் ஆத்தோட ஞாபகமா. 200 டன், ரெண்டு மாசத் தவணை பாக்கி. ஒரு கிரகத்தில் கல்யாணம். கைத்தறிப் பட்டுப் புடவைகள் இருக்கிற சீல் வெச்ச பெட்டியைப் பதினாறு நாளில் சேர்க்கணும். சேர்த்தா பாக்கி தீரும். சீல் உடைஞ்சிருந்தா கூலி கிடையாது. ரெண்டு தாவல், தாவலுக்கு ஒரு வாரம், நடுவில் எரிபொருள் நிரப்ப ஒரு நாள். தாவல் நடக்கிறப்ப நிறுத்தவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது.

முதல் தாவலோட மூணாவது நாள், மெக்கானிக் சரக்கைச் சரிபார்க்கிறார். பெட்டியோட எடை நாலு கிலோ கூடியிருக்கு.