சிற்றலையும் தூரக் குடிகளும்: வட அவுஸ்திரேலிய அனுபவம்

சிற்றலை என்றதும் நம்மவர் நினைவில் எழுவது கடல் கடந்து தமிழகத்தை எட்டிய இலங்கை வானொலியின் குரலே. பிறநாடுகளை எட்டும் ஊடகம் என்ற இவ்வெண்ணம் தவறன்று, முழுமையுமன்று. ஒரு நாட்டின் உள்ளேயே, நகரங்களுக்கு வெகுதொலைவில் வாழ்வோருக்கெனச் சிற்றலை பயன்பட்டதுமுண்டு. அவுஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில் 1986 முதல் 2017 வரை இயங்கிய உள்நாட்டுச் சேவையை இவ்வகையில் நோக்கலாம்.

அப்பிரதேசம் பரப்பில் இலங்கையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. மக்கட்டொகையோ 3 இலட்சத்தை எட்டவில்லை. அதில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் ஆதிக்குடிகள். எனினும் ‘தூரம்’ என்பதை வெறும் புவியியல் விவகாரமாகக் கொள்ளலாகாது. மாட்டுப் பண்ணைகளில் அற்பக் கூலிக்கும் உணவுப் பங்கீட்டுக்கும் உழைத்த ஆதிக்குடிகளுள் குரிண்ட்ஜி மக்கள் 1966இல் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறிப் போராடினர். சமகூலி சட்டபூர்வமானதும் பல பண்ணையாளர் தொழிலாளரையே வெளியேற்றினர். 1976இன் நில உரிமைச் சட்டத்தின் பின்னர் மூதாதையர் நிலங்களிற் சிறுசிறு குடியிருப்புகள் பெருகின. சிற்றலையின் நேயர் கூட்டத்தில் ஒரு பகுதி இவ்வாறு வரலாற்றினாலே சிதறவைக்கப்பட்டதாகும்.

இத்தகைய நிலத்திற் பண்பலை உதவாது; அதன் அலைகள் சில பத்துக் கிலோமீற்றருள் ஓய்ந்துவிடும். அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அலிஸ் ஸ்பிறிங்ஸ், டெனன்ட் கிறீக், கத்தரீன் ஆகிய மூவிடங்களில் வேறொரு முறையைக் கையாண்டது. அலைகள் ஏறக்குறையச் செங்குத்தாக வானை நோக்கி விடுக்கப்பட்டன. அயன் மண்டலம் திருப்பியனுப்ப, அவை நிலையத்தைச் சூழ்ந்த சில நூறு கிலோமீற்றர் பரப்பெங்கும் மழைபோல் இறங்கின. இரவில் அம்மண்டலத்தின் அடர்த்தி குறைவதால், பகலில் 5 மெகாஹேர்ட்ஸ் அளவிலும் இரவில் 2.3 முதல் 2.5 வரையிலும் ஒலிபரப்பினர். நேயர் காலையும் மாலையும் முள்ளைத் திருப்ப வேண்டியிருந்தது. இரைச்சலும் மங்கலும் இயல்பு. ஆயினும் சில பற்றரிகளும் ஒரு சிறு பெட்டியும் போதும். லொறியிலும் மீன்பிடிப் படகிலும் திறந்தவெளி முகாமிலும் செய்தி கேட்கலாம்.

2017 ஜனவரி 31இல், சூறாவளிப் பருவத்தின் நடுவே, இச்சேவை நிறுத்தப்பட்டது. சிற்றலை பழைய தொழில்நுட்பம், நேயர் சிலரே, சுமார் 19 இலட்சம் டொலர் மிச்சமாகும் என்பன கூறப்பட்ட காரணங்கள். செய்மதியும் இணையமும் மாற்றாகக் காட்டப்பட்டன. செய்மதிக்குத் தட்டு அன்ரெனாவும் பெட்டியும் மின்சாரமும் வேண்டும். அது வீட்டோடு பிணைந்தது. வீட்டிலிருப்பவனுக்கு அது மாற்றுத்தான். வேலியோரத்தில் நாட்கணக்காகத் தங்கும் கூலியாளுக்கோ காட்டுத்தீயைக் கட்டுப்படுத்தச் செல்லும் ஆதிக்குடிக் காவலருக்கோ அன்று. ‘பழையது’, ‘புதியது’ என்ற பாகுபாடு, யாருடைய உழைப்பு எங்கே நிகழ்கிறது என்ற வினாவை மறைத்துவிடுகிறது. நேயரின் தலையெண்ணிக்கையைச் செலவால் வகுக்கும் கணக்கில், சிதறி வாழ்வோர் எப்பொழுதும் தோற்பர்.

கண்டனக் குரல்களும் கருதத்தக்கன. மாட்டுப் பண்ணையாளர் சங்கமும் ஆதிக்குடிக் காவலரும் ஒரே கோரிக்கையை முன்வைத்தனர். அரை நூற்றாண்டுக்கு முன் எதிரெதிர் நின்ற தரப்புகள் இவை. இதனை வர்க்க முரண்பாட்டின் மறைவு என மயங்குதற்கில்லை. பண்ணையாளருக்குச் செய்மதித் தட்டு வாங்கும் வசதி ஏற்கெனவே இருந்தது. 2017 பெப்ரவரியில் செனற்றர் நிக் செனபோன் சேவையை மீட்கும் சட்டமூலமொன்றைச் சமர்ப்பித்தார். அது சட்டமாகவில்லை.