ஆர்.பி.எம். 3 மடங்கு, சூடு 9 மடங்கு: கிளட்ச் தேயுற கணக்கு

செஞ்சிப் பக்கம் வேகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது எப்படியும் தேசிங்கு ராஜாவின் குதிரையில் போய்த்தான் நிற்கும். குதிரைக்குக் கிளட்ச் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து பாய அதன் கால்களே போதும். கார் எஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது. சுமார் 700 ஆர்.பி.எம்.முக்குக் கீழே போனால் அது திணறி ஆஃப் ஆகிவிடும். சக்கரமோ பூஜ்யத்தில் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றையும் நின்றுகொண்டிருக்கும் ஒன்றையும் உடைக்காமல் சேர்த்து வைப்பதுதான் கிளட்ச்சின் வேலை. அந்தச் சேர்க்கை முடிகிற வரை கிளட்ச் வழுக்கியே ஆக வேண்டும். வழுக்கினால் சூடு, சூடானால் தேய்மானம்.

நம்ம பசங்களுக்குப் பிடித்த ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன். 1 லிட்டர் டர்போ எஞ்சின், 120 பி.எஸ். பவர், 172 நியூட்டன் மீட்டர் டார்க். 2021-ல் வந்தபோது அதில் கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி. கியர்பாக்ஸும் டி.சி.டி.யும்தான் இருந்தன. 2023-ல்தான் ஐ.எம்.டி.க்குப் பதில் மூன்று பெடல் உள்ள 6 கியர் மேனுவல் வந்தது. அதாவது, கிளட்ச்சைக் காப்பாற்றும் பொறுப்பு மறுபடியும் நம்ம இடது காலுக்கு வந்துவிட்டது.

சூடு எவ்வளவு?

கணக்குக்காகச் சில முழு எண்களை வைத்துக்கொள்வோம். ஆளோடு சேர்த்துக் காரின் எடை 1200 கிலோ. முதல் கியரில் எஞ்சின் 15 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று. சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர்.

எஞ்சினை 1500 ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விடுகிறீர்கள். கார் சுமார் 11 கி.மீ. வேகத்தைத் தொடும்போது இரண்டு பக்கமும் ஒரே சுற்றுக்கு வந்துவிடும், வழுக்கல் நின்றுவிடும். இதையே 4500 ஆர்.பி.எம்.மில் செய்தால் சுமார் 34 கி.மீ. வேகம் வரை வழுக்கல் தொடரும்.

வழுக்குகிற நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் சக்தி எங்கே போகிறது? எஞ்சின் பக்கம் சுற்று மாறவில்லை. சக்கரத்துப் பக்கம் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. கிளட்ச் வழியாகப் போகும் டார்க் சீராக இருந்தால், சராசரியாகப் பாதி சக்தி காரை நகர்த்தும், மீதிப் பாதி சூடாகும். ஆகவே கிளட்ச்சில் பிறக்கும் வெப்பமும், வழுக்கல் நிற்கும் நொடியில் காரிடம் இருக்கும் இயக்க ஆற்றலும் சமம். பிளஸ் டூ பிசிக்ஸில் படித்த அதே அரை × நிறை × வேகத்தின் வர்க்கம்.

1500 ஆர்.பி.எம்.மில் இது சுமார் 6 கிலோஜூல். 4500-ல் சுமார் 53 கிலோஜூல். ஆர்.பி.எம். 3 மடங்கு, சூடு 9 மடங்கு. இந்த வர்க்கக் கணக்குதான் வில்லன்.

இரும்புக்கு 10 டிகிரி, தோலுக்கு 100 டிகிரி

"53 கிலோஜூல்தானே மச்சி, அவ்வளவு பெரிய இரும்புக்கு அது ஒரு விஷயமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 10 கிலோ என்றால், இந்த வெப்பம் முழுக்கப் பரவிய பிறகு ஏறுவது சுமார் 10 டிகிரிதான். ஆனால் பரவ நேரம் வேண்டுமே! லாஞ்ச் நடப்பது ஏறக்குறைய 2 நொடி. அதற்குள் வெப்பம் இரும்புக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். கிளட்ச் பிளேட் உரசுகிற மேற்பரப்பு மட்டும் ஒரே லாஞ்ச்சில் சுமார் 100 டிகிரி ஏறிவிடும். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே இன்னும் கூடுதல். பிரஷர் பிளேட்டைக் கழற்றினால் நீல நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியுமே, அது இப்படி வந்ததுதான்.

மேலும், கிளட்ச் இருப்பது மூடிய பெல் ஹவுசிங்குக்குள். பிரேக் டிஸ்க் மாதிரி காற்று பட்டு ஆற வழியில்லை. ஆறுவதற்குள் அடுத்த லாஞ்ச் போட்டால், பழைய சூட்டின் மேல் புதிய சூடு ஏறும்.

சாதாரணக் கார்களின் கிளட்ச் பிளேட் மேல் ஒட்டியிருக்கும் லைனிங், கண்ணாடி நாரும் செம்புக் கம்பியும் ஃபீனாலிக் ரெசினால் பிணைக்கப்பட்ட ஒரு கலவை. அளவான சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். ஏறக்குறைய 250-300 டிகிரியைத் தாண்டினால் ரெசின் கருக ஆரம்பிக்கும். அந்தக் கருகல் நாற்றம் நமக்கு வரும் எச்சரிக்கை. அதன் பிறகு தேய்மானம் பல மடங்கு வேகமாகும். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்து, பிடிமானமும் குறையும்.

பிடிமானம் குறைந்தால் என்ன ஆகும்? கிளட்ச்சின் தாங்கும் திறனை எஞ்சின் டார்க்கை விட 1.2 முதல் 1.5 மடங்கு வரை வைப்பது வழக்கம். 172-க்கு 1.3 மடங்கு என்றால் 224. உராய்வுக் குணகம் 0.35-லிருந்து 0.25-க்கு இறங்கினால் அந்த 224, 160 ஆகிவிடும். இப்போது நான்காவது கியரில் சாதாரணமாக ஓவர்டேக் செய்தாலே கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் மறுபடி சூடு, சூட்டால் மறுபடி பிடி குறையும். எஞ்சினை ரீமேப் செய்து டார்க்கை 220-க்கு ஏற்றிவிட்டு, கிளட்ச்சை மட்டும் பழையதாகவே வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னொரு முறை படிக்கவும்.

லாஞ்ச் போடாதவர்களுக்கும் உண்டு

"நான் லாஞ்ச்சே போடறதில்லையே" என்று தப்பிக்க முடியாது. 10 சதவீத ஏற்றத்தில், பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நகரவில்லை, ஆகவே கிளட்ச்சுக்கு வரும் சக்தி முழுவதும் சூடுதான். 1500 ஆர்.பி.எம்.மில் அது சுமார் 3.7 கிலோவாட். 15 நொடி பிடித்தால் 55 கிலோஜூல், அதாவது ஒரு முழு ஹார்டு லாஞ்ச்! பௌர்ணமி அன்று திருவண்ணாமலை போகும் கூட்டத்தோடு திண்டிவனம்-செஞ்சி ரோட்டில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து போகிறவர்களும் தவணை முறையில் இதையே செய்கிறார்கள்.

அப்போ என்னதான் செய்யறது?

முதலில், இதைச் செய்யும் இடம் ரோடு இல்லை. பஸ்ஸும் கரும்பு டிராக்டரும் ஆட்டு மந்தையும் ஒரே பாதையில் வரும் ஊர் நம்முடையது. கிளட்ச் போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி பந்தயத் தடங்கள் இருக்கின்றன. ஃபார்முலா பாரத் டீமில் சேர்ந்தால், 75 மீட்டர் ஆக்சிலரேஷன் போட்டியில் லாஞ்ச்சை முறையாகவே கற்றுக்கொள்ளலாம். அங்கே பெரும்பாலும் பைக் எஞ்சின்கள்தான். அவற்றின் கிளட்ச் ஆயிலில் மூழ்கிய பல பிளேட் வகை என்பதால், சூட்டை ஆயில் அள்ளிக்கொண்டு போகும். நம்ம கார் கிளட்ச்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டாவது, டர்போ எஞ்சினுக்கு 4500 தேவையே இல்லை. ஐ20 என் லைனின் முழு டார்க்கும் 1500-லேயே வந்துவிடுகிறது. டர்போ கொஞ்சம் முந்திக்கொள்ள 2000-2500 போதும். அதற்கு மேல் ஏற்றினால் முன் சக்கரம் சுற்றும், இல்லையென்றால் கிளட்ச் எரியும். சூட்டுக்குப் பயந்து பெடலைப் பட்டென்று விடவும் கூடாது. அந்த அடி கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங், டிரைவ் ஷாஃப்ட், கியர் பல் என்று வரிசையாக இறங்கும்.

மூன்றாவது, ஒரு லாஞ்ச் முடிந்ததும் பெடலில் காலே வைக்காமல் சில நிமிடம் சீராக ஓட்டுங்கள். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது 5 நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை. காலியான சமதள ரோட்டில் நான்காவது கியர், 2000 ஆர்.பி.எம். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஸ்பீடாமீட்டரும் ஆர்.பி.எம். முள்ளும் சேர்ந்து ஏறினால் நல்லது. ஆர்.பி.எம். முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்னால் மெதுவாக வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் ரொம்ப மேலே வந்த பிறகுதான் வண்டி நகர ஆரம்பிக்கிறதா என்றும் பாருங்கள், பல கார்களில் அதுவும் பிளேட் தேய்ந்ததன் அடையாளம். கிளட்ச் செட் மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், பார்ட்ஸ் விலையோடு கூலியும் சேரும். அந்தத் தொகையை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு விலை பேச உட்காருங்கள்.